பெரிய ஸ்பீக்கருக்கும் ‘ஸ்மால்’தான்

வாசகர் கேள்வி பதில்: ஹோம் தியேட்டர்

ஹோம் தியேட்டர் பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். சப்வூஃபரைப் பற்றித்தான் நிறைய வந்திருக்கின்றன. தாழ்ந்த ஒலியான பாஸை மட்டும் வாசிக்கும் தனி ஸ்பீக்கர் அது, சுருக்கமாக ‘சப்’. அதனால் இந்த முறை முழுக்க அதற்கே. கேள்விகளில் வரும் ‘ரிசீவர்’, ஒலியைப் பிரித்து எல்லா ஸ்பீக்கருக்கும் அனுப்பும் ஆம்ப்ளிஃபயர் பெட்டி. ‘ஹெர்ட்ஸ்’ என்பது நொடிக்கு எத்தனை அதிர்வு என்ற கணக்கு, எண் குறையக் குறைய ஒலி தாழும்.

கேள்வி: சார், இடுப்புக்கு மேல் உயரமுள்ள டவர் ஸ்பீக்கர் இரண்டு வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் 8 இன்ச் வூஃபர் இரண்டு. 35 ஹெர்ட்ஸ் வரை இறங்கும் என்று கூட வந்த புத்தகத்தில் போட்டிருக்கிறது. போன மாதம் 12 இன்ச் சப்வூஃபர் ஒன்று சேர்த்தேன். ரிசீவர் தானாக அளந்து பார்த்து டவர்களை ‘லார்ஜ்’ என்று வைத்துக்கொண்டது. பாட்டுக்கும் சப் வேலை செய்யட்டும் என்று மெனுவில் ‘எல்எஃப்இ + மெயின்’ போட்டேன். படத்தில் வெடிச்சத்தம் வந்தால் ஜன்னல் அதிர்கிறது. ஆனால் பாட்டு கேட்கும்போது சப்பை ஆன் செய்தால் பாஸ் குறைகிறது, ஆஃப் செய்தால் கூடுகிறது! சப்பில் கோளாறா?

பதில்: சப் நன்றாகத்தான் இருக்கிறது. இதே குழப்பத்தில் மூன்று நாள் தவித்தவன் நான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

‘லார்ஜ்’, ‘ஸ்மால்’ என்ற பெயர்கள் எல்லாரையும் ஏமாற்றுகின்றன. அவை ஸ்பீக்கரின் உருவத்தைப் பற்றியவை அல்ல. ‘லார்ஜ்’ போட்டால் அந்த ஸ்பீக்கருக்கு வரும் பாஸ் முழுவதும் அதற்கே போகும். ‘ஸ்மால்’ போட்டால், ஓர் எல்லைக்குக் கீழே உள்ள பாஸை ரிசீவர் பிரித்தெடுத்து சப்புக்கு அனுப்பும். அந்த எல்லைதான் கிராஸ்ஓவர். ஆக, மெனு உங்களிடம் கேட்பது ‘உன் ஸ்பீக்கர் பெரியதா’ என்பதல்ல, ‘பாஸ் வேலையை யாரிடம் கொடுக்கட்டும்’ என்பதுதான்.

இனி எல்எஃப்இ. 5.1 ஒலியில் அந்த ‘.1’ இதுதான். வெடி, இடி, நிலநடுக்கம் மாதிரியான காட்சிகளுக்காகத் தனியாகப் பதிவு செய்த பாஸ் சேனல். சப் இருந்தால் இது எப்போதும் சப்புக்குத்தான் போகும். சாதாரண ஸ்டீரியோ பாட்டில் இந்தச் சேனலே கிடையாது. அதனால் டவரை ‘லார்ஜ்’ என்று வைத்தால், பாட்டு ஓடும்போது சப் சும்மா உட்கார்ந்திருக்கும். நீங்கள் ‘எல்எஃப்இ + மெயின்’ போட்டதும் அதே பாஸ் டவர்களுக்கும் போகிறது, சப்புக்கும் போகிறது. ஒரே வேலையை மூன்று பெட்டிகள் மூன்று இடத்தில் நின்று செய்கின்றன. மூன்றிலிருந்தும் வரும் அலை உங்கள் நாற்காலிக்கு ஒரே நேரத்தில் வந்து சேராது. ஒன்று காற்றை முன்னே தள்ளும் நேரத்தில் இன்னொன்று பின்னே இழுத்தால், உங்கள் காதில் இரண்டும் அடிபட்டுப் போகும்.

என் வீட்டில் நடந்தது அச்சு அசல் இதுதான். புது சப்பை வைத்த அன்று பாஸ் கிட்டார் நன்றாகக் கேட்கும் ஒரு பாட்டைப் போட்டேன். சில சுரங்கள் தடித்து வந்தன, சில சுரங்கள் இருந்த இடமே தெரியவில்லை. கடைக்காரரைக் கூப்பிட்டு மாற்றித் தரச் சொல்லலாம் என்றுகூட நினைத்தேன். மூன்றாம் நாள் இரவு 20 ஹெர்ட்ஸிலிருந்து 100 ஹெர்ட்ஸ் வரை ஐந்தைந்தாக ஏறும் டெஸ்ட் டோன்களை ஓடவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து ஒரு நோட்டில் குறித்தேன். 50, 55 வரும்போது அறை அமைதியாகிவிட்டது. எழுந்து போய் சப்பின் கூம்பு மேல் விரல் நுனியை வைத்துப் பார்த்தேன். விர்ரென்று அதிர்ந்துகொண்டிருந்தது. டவரின் வூஃபரைத் தொட்டேன், அதுவும் அதிர்ந்தது. இரண்டும் முழு மூச்சாக உழைக்கின்றன, நாற்காலிக்கு வந்தால் ஒன்றுமில்லை. சப்பின் சுவிட்சை அணைத்தேன். அதே 55 ஹெர்ட்ஸ் கும்மென்று எழுந்தது. நீங்கள் எழுதியிருப்பதும் இதுவேதான்.

இப்போது இப்படிச் செய்யுங்கள். இரண்டு டவர்களையும் ‘ஸ்மால்’ ஆக்குங்கள். கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். ‘எல்எஃப்இ + மெயின்’ என்பதை மாற்றி வெறும் ‘எல்எஃப்இ’ ஆக்குங்கள். சென்டரும் (நடு ஸ்பீக்கர்) சரவுண்டும் (பக்கவாட்டு ஸ்பீக்கர்கள்) ஏற்கனவே ‘ஸ்மால்’ என்றுதான் இருக்கும், ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

‘இத்தனை பெரிய டவரை வாங்கிவிட்டு அதைப் போய் ஸ்மால் என்று சொல்வதா’ என்று மனசு கேட்காது. எனக்கும் கேட்கவில்லை. ஆனால் ஒரு கணக்கு இருக்கிறது. சத்தத்தின் அளவு மாறாமல் ஹெர்ட்ஸைப் பாதியாக்கினால், வூஃபரின் கூம்பு நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் போக வேண்டும். 80 ஹெர்ட்ஸில் 1 மில்லிமீட்டர் நகரும் கூம்பு 40 ஹெர்ட்ஸில் 4 மில்லிமீட்டர், 20 ஹெர்ட்ஸில் 16 மில்லிமீட்டர் நகர வேண்டும். அந்தப் பாரத்தை இறக்கி வைத்தால் உங்கள் 8 இன்ச் வூஃபர்கள் மேலே உள்ள வேலையை எவ்வளவு தெளிவாகச் செய்கின்றன என்று நீங்களே கேட்பீர்கள். ரிசீவருக்கும் நிம்மதி. பாஸுக்குத்தான் ஆம்ப்ளிஃபயர் சக்தி அதிகம் செலவாகிறது. 3 டெசிபல் கூட்டினாலே இரட்டிப்பு வாட்ஸ் வேண்டும். சப்புக்குள் அதற்கென்றே தனி ஆம்ப்ளிஃபயர் இருக்கிறது, அது சுமக்கட்டும்.

டவருக்குச் செலவு செய்தது வீணாகவும் இல்லை. கிராஸ்ஓவர் என்பது கத்தியால் வெட்டியது மாதிரி அல்ல, ஒரு சரிவு. 80-க்குக் கீழே டவர் மெல்ல மெல்லக் குறைகிறது. 60-லும் அதன் குரல் ஓரளவு இருக்கும். சின்ன ஸ்பீக்கர் அந்த இடத்தில் திணறும். உங்கள் டவர் திணறாது. அதனால்தான் சப்பும் டவரும் சேரும் இடம் ஒட்டுப்போட்டது தெரியாமல் இருக்கும். 80-ல் ஒரு வாரம் கேளுங்கள். அப்புறம் 60-க்கு இறக்கியும் பாருங்கள். எது இனிமையாக இருக்கிறதோ அது. 60-க்கும் கீழே போக எனக்கு மனம் வரவில்லை.

ஒரு எச்சரிக்கை. ரிசீவர் தானாக அளக்கும் ஆட்டோ செட்டப்பை மறுபடி ஓட்டினால் டவரைத் திரும்பவும் ‘லார்ஜ்’ ஆக்கிவிடலாம். ஒவ்வொரு முறையும் மெனுவுக்குள் போய்ப் பாருங்கள்.

கேள்வி: என் அறை 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம். சோபா அறைக்கு நட்டநடுவில் இருக்கிறது. மூலையில் வைத்தால்தான் சப் நன்றாக அடிக்கும் என்கிறார்கள். உண்மையா?

பதில்: மூலையில் அதிகமாக அடிக்கும், அது உண்மை. சுவர்களும் தரையும் சேர்ந்து சத்தத்தைத் தூக்கிக் கொடுக்கும். நன்றாக அடிக்குமா என்பது வேறு விஷயம்.

உங்கள் சோபா இருக்கும் இடம்தான் எனக்கு உறுத்துகிறது. எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே பாஸ் அலை முட்டி முட்டித் திரும்பி, சில ஹெர்ட்ஸில் நிலையாக நின்றுவிடும். ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 343 மீட்டர். அதை அறை நீளத்தின் இரண்டு மடங்கால் வகுத்தால் முதல் நிலை அலை கிடைக்கும். உங்கள் 5 மீட்டருக்கு 34 ஹெர்ட்ஸ், 4 மீட்டருக்கு 43 ஹெர்ட்ஸ். இந்த அலைகள் சுவரோரத்தில் பலமாகவும் அறையின் நடுவில் ஒன்றுமில்லாமலும் இருக்கும். நீங்கள் சரியாக நடுவில் உட்கார்ந்திருக்கிறீர்கள். 34-ம் 43-ம் உங்களைத் தவிர அறையில் இருக்கும் எல்லாருக்கும் கேட்கும். சப்பின் வால்யூமை எவ்வளவு கூட்டினாலும் அந்தப் பள்ளம் நிறையாது. சோபாவை அரை மீட்டர் பின்னால் தள்ளுங்கள், செலவே இல்லை. ஆனால் சுவரோடு ஒட்டிவிடாதீர்கள். அங்கே பாஸ் குவிந்து காதை அடைக்கும்.

சப்புக்கு இடம் கண்டுபிடிக்கப் பழைய வழி ஒன்று உண்டு. அதைவிட நல்ல வழியை நான் பார்க்கவில்லை. சோபாவை நகர்த்திவிட்டு, நீங்கள் உட்காரும் இடத்திலேயே சப்பை வையுங்கள். பாஸ் சுரங்கள் ஏறி இறங்கும் ஒரு பாட்டைத் திரும்பத் திரும்ப ஓடவிடுங்கள். நீங்கள் மண்டியிட்டுச் சுவரோரமாக ஊர்ந்து போங்கள். காது, சப் இருக்கப்போகும் உயரத்தில் இருக்க வேண்டும். ஓரிடத்தில் ஊளையிடும், ஓரிடத்தில் செத்துப்போகும், இன்னோரிடத்தில் எல்லாச் சுரமும் ஒரே அளவில், தனித்தனியாகக் கேட்கும். அந்த இடத்தில் ஒரு துண்டு டேப்பை ஒட்டுங்கள். சப் அங்கே போகட்டும். பாஸ் அதிகமாகக் கேட்கும் இடத்தைத் தேடாதீர்கள், சமமாகக் கேட்கும் இடத்தைத் தேடுங்கள். நான் முதல்முறை ஊர்ந்தபோது, அதுவரை சப் நின்ற மூலையிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி, முன்சுவர் ஓரமாக அந்த இடம் கிடைத்தது. இன்றும் சப் அங்கேதான் இருக்கிறது.

கேள்வி: சப்பின் பின்னால் மூன்று திருகுகள்: வால்யூம், ஹெர்ட்ஸ், ஃபேஸ். எதை எங்கே வைப்பது?

பதில்: ஹெர்ட்ஸ் திருகை மிக அதிக எண் இருக்கும் பக்கம் கடைசிவரை திருப்பிவிடுங்கள். ‘எல்எஃப்இ’ அல்லது ‘பைபாஸ்’ என்று சுவிட்ச் இருந்தால் அதைப் போடுங்கள். கிராஸ்ஓவர் வேலையை ரிசீவர் செய்கிறது. ஒரு வடிகட்டிக்கு மேல் இன்னொன்று வேண்டாம்.

வால்யூமைப் பாதியில் வைத்துவிட்டு ஆட்டோ செட்டப் ஓட்டுங்கள். முடிந்ததும் ரிசீவர் சப்புக்குக் கொடுத்த அளவைப் பாருங்கள். பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது. அதன் அடி எல்லைக்குப் போயிருந்தால், உதாரணமாக -12 என்று காட்டினால், சப்பின் வால்யூம் அதிகம். குறைத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். கையால் அளப்பவர்கள் ஒலிமானியை ‘சி’ வெயிட்டிங் (பாஸையும் சேர்த்து அளக்கும் முறை), ‘ஸ்லோ’ என்று வைத்து, ரிசீவரின் டெஸ்ட் சத்தம் எல்லா ஸ்பீக்கரிலும் 75 டெசிபல் காட்டும்படி செய்யலாம். கைபேசி ஆப்பை இதற்கு நம்பாதீர்கள். பேச்சைப் பிடிப்பதற்காகச் செய்த மைக் அது, அடி பாஸைக் குறைத்தே காட்டும்.

சப்பின் அலையும் டவரின் அலையும் ஒரே நேரத்தில் முன்னும் பின்னும் போகும்படி பொருத்துவதுதான் ஃபேஸ் திருகு. அதற்கு இரண்டு பேர் வேண்டும். 80 ஹெர்ட்ஸ் டோனை டவரும் சப்பும் சேர்ந்து ஒலிக்கும்படி ஓடவிட்டு, நீங்கள் உங்கள் இடத்தில் உட்காருங்கள். இன்னொருவர் 0-விலிருந்து 180 வரை மெதுவாகத் திருப்பட்டும். சத்தம் எங்கே உச்சத்துக்குப் போகிறதோ அங்கே நிறுத்தச் சொல்லுங்கள். திருகு இல்லாமல் வெறும் சுவிட்ச் என்றால், 0, 180 இரண்டில் பலமாகக் கேட்பது எதுவோ அது.

இதோடு ஒட்டிய சந்தேகம் ஒன்றும் பலருக்கு வருகிறது. டேப் வைத்து அளந்தால் சப் 3 மீட்டர்தான், ரிசீவரோ 4.5 மீட்டர் என்று காட்டுகிறது, தப்பாக அளந்துவிட்டதா என்கிறார்கள். தப்பில்லை. சப்பின் உள்ளே இருக்கும் மின்னணுச் சுற்றில் சில மில்லிநொடி தாமதம் இருக்கிறது. ஒரு மில்லிநொடியில் ஒலி 34 சென்டிமீட்டர் போகும். அந்தத் தாமதத்தைத்தான் ரிசீவர் தூரமாகக் கணக்கிடுகிறது. அதைத் திருத்தாதீர்கள்.

கேள்வி: ஆண் குரலில் வசனம் வந்தால் மூலையில் இருக்கும் சப்பிலிருந்து பேசுவது மாதிரி இருக்கிறது. ஏன்?

பதில்: கிராஸ்ஓவர் 120, 150 என்று மேலே இருக்கும், போய்ப் பாருங்கள். ஆண் குரலின் அடிப்படைச் சுரம் ஏறக்குறைய 85 ஹெர்ட்ஸிலிருந்தே தொடங்குகிறது. எல்லை 150-ல் இருந்தால் குரலின் அடிப்பாகம் சப்புக்குப் போய்விடும். 80-க்குக் கீழே சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதுக்குச் சரியாகப் பிடிபடாது. அங்கே அலையின் நீளமே 4 மீட்டருக்கு மேல். 100-ஐத் தாண்டினால் பிடிபட ஆரம்பிக்கும். சென்டர் ஸ்பீக்கரின் கிராஸ்ஓவரை மட்டும் 80-க்கு இறக்குங்கள். மெனுவில் ‘எல்எஃப்இ லோ பாஸ்’ என்று தனியாக ஒன்று இருக்கும், எல்எஃப்இ சேனலை எந்த ஹெர்ட்ஸ் வரை சப்புக்கு விடுவது என்ற எல்லை அது. அது 120-லேயே இருக்கட்டும். அந்தச் சேனல் அதுவரை பதிவாகியிருக்கும், அதை வெட்ட வேண்டாம்.

கேள்வி: சப்பை ஆன் செய்ததும் ‘ம்ம்ம்’ என்று ஓயாத இரைச்சல். பிளக்கின் எர்த் முனையை எடுத்துவிட்டால் போய்விடும் என்கிறார் நண்பர்.

பதில்: தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். எர்த் உங்கள் உயிருக்குக் காவல். இரைச்சலுக்காக அதை எடுக்கவே கூடாது.

முதலில் ரிசீவரிலிருந்து வரும் கேபிளை சப்பின் பக்கம் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் தொடர்ந்தால் கோளாறு சப்பில். நின்றுவிட்டால் எர்த் சுற்றுதான் காரணம்: இரண்டு கருவிகள் இரண்டு இடத்தில் எர்த் ஆகி, கேபிள் வழியாக ஒன்றையொன்று தொடுகின்றன. ரிசீவரையும் சப்பையும் ஒரே சுவர்ப் பிளக்கிலிருந்து மின்சாரம் எடுக்கும்படி செய்யுங்கள். போகவில்லையென்றால் டிவிக்கு வரும் கேபிள் இணைப்பை ஒருமுறை கழற்றிப் பாருங்கள். பல வீடுகளில் இரைச்சல் அந்த வழியாகத்தான் வருகிறது. அதுதான் என்றால், அந்த எர்த் தொடர்பைத் துண்டிக்கும் ஐசொலேட்டர் என்ற சிறு கருவி அதற்கெனக் கிடைக்கும், மாட்டிவிடலாம்.

கேள்வி: இரவில் குழந்தை தூங்கும்போது சத்தத்தைக் குறைத்துப் படம் பார்த்தால் பாஸே இல்லை. சில நேரம் சப்பின் விளக்கே அணைந்துவிடுகிறது.

பதில்: இதில் இரண்டு விஷயங்கள். ஒன்று, காது அப்படித்தான். சத்தம் குறையக் குறைய, காது மற்ற ஒலிகளைவிட பாஸை வேகமாக இழக்கும். ஃபிளெச்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1933-லேயே இதை அளந்து வரைபடமாக வெளியிட்டார்கள். ரிசீவரில் ‘லவுட்னஸ்’ அல்லது ‘டைனமிக் ஈக்யூ’ என்று இருப்பது இதைச் சரிசெய்யத்தான். இரவில் அதை ஆன் செய்யுங்கள்.

இன்னொன்று, விளக்கு அணைவது. சப் ‘ஆட்டோ’வில் இருக்கிறது, வரும் சிக்னல் மெலிதாக இருப்பதால் யாரும் கேட்கவில்லை என்று தூங்கப் போகிறது. சப்பின் வால்யூமைக் கொஞ்சம் குறைத்து, அதே அளவு ரிசீவரில் சப் அளவைக் கூட்டுங்கள். கேட்கும் சத்தம் மாறாது, ஆனால் சப்புக்குப் போகும் சிக்னல் பலமாகும், விழித்திருக்கும். அப்படியும் தூங்கினால் ‘ஆட்டோ’வை விட்டு ‘ஆன்’ போட்டுவிடுங்கள்.

கீழ்வீட்டுக்காரர்களை நினைத்தும் ஒன்று சொல்லிவிடுகிறேன். சப்பின் அடியில் தடித்த நுரைத் தட்டு வைத்தால் தரை வழியாகப் போகும் அதிர்வு குறையும். காற்று வழியாகப் போகும் பாஸை அது தடுக்காது. அதற்கு வால்யூமைக் குறைப்பது ஒன்றே வழி.

கேள்வி: பெரிய சப் ஒன்று வாங்கலாமா, நடுத்தரமாக இரண்டு வாங்கலாமா?

பதில்: நீங்கள் ஒருவர் மட்டும் ஒரே நாற்காலியில் கேட்பவர் என்றால் நல்லதாக ஒன்று. குடும்பமே சோபாவில் வரிசையாக உட்காரும் என்றால் இரண்டு. இரண்டாவது சப் கூடுதல் சத்தத்துக்காக இல்லை, ஒரு நாற்காலிக்கும் அடுத்ததற்கும் உள்ள வித்தியாசத்தைக் குறைப்பதற்காக. ஒலிக் கருவிகள் செய்யும் ஹார்மன் நிறுவனத்தின் டாட் வெல்டி 2002-ல் எத்தனை சப், எங்கெங்கே என்று மாற்றி மாற்றிப் பார்த்து வெளியிட்ட ஆய்வில், செவ்வக அறையில் எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் ஒவ்வொன்றாக இரண்டு வைப்பது மிக நன்றாக வேலை செய்தது. முன்சுவரின் நடுவில் ஒன்று, பின்சுவரின் நடுவில் ஒன்று. இரண்டும் ஒரே மாடலாக இருக்கட்டும். அளவு வேறுபட்ட இரண்டைச் சேர்ப்பது அனுபவசாலிகளுக்கே தலைவலி.

கேள்வி: என்னிடம் இருப்பது பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர். சப் அவுட் கிடையாது. டவரோடு சப் சேர்க்க முடியுமா?

பதில்: முடியும். ஸ்பீக்கர் வயர் மாட்டும் ‘ஹை லெவல்’ உள்ளீடு இருக்கும் சப்பாகப் பார்த்து வாங்குங்கள். ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கர் முனைகளிலிருந்து டவருக்கு ஒரு ஜோடி வயர் போகும், அதே முனைகளிலிருந்தே சப்புக்கும் இன்னொரு ஜோடி. சப் அதிலிருந்து சக்தி எடுக்காது, சிக்னலை மட்டும் எடுக்கும். உங்கள் ஆம்ப்ளிஃபயர் ‘பிரிட்ஜ்’ வகை என்றால் மட்டும், மாட்டுவதற்கு முன் சப்பின் கையேட்டைப் பாருங்கள். அந்த வகையில் கறுப்பு முனையிலும் சிக்னல் ஓடும், எர்த் அல்ல.

இங்கே பிரித்துக் கொடுக்க ரிசீவர் இல்லாததால், முன்னே கடைசிவரை திருப்பச் சொன்ன ஹெர்ட்ஸ் திருகை நீங்கள் பயன்படுத்தியே ஆக வேண்டும். டவர் முழு பாஸையும் வாசிக்கும். அது தளரும் இடத்தில் சப் தொடங்க வேண்டும். திருகை 40-ல் ஆரம்பியுங்கள். பழகிய பாட்டைப் போட்டு ஒவ்வொரு சிறு கோடாக ஏற்றுங்கள். குரல் தடிக்க ஆரம்பித்தால் ஒரு கோடு இறக்கி, அங்கே விட்டுவிடுங்கள்.